வரப்பின்மேல் நின்ற பிள்ளைகள்

புரட்டாசி முதல் வாரம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியொன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓராண்டு முழுவதும் வயலிலேயே உழவைக் கற்பிப்பதென்று தலைமையாசிரியரும் நானும் கலந்து பேசி முடிவுசெய்திருந்தோம். பங்குக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு மா, அதாவது 33 சென்ட், அதற்கென ஒதுக்கப்பட்டது. மண்ணையும் நீரையும் அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி விட்டுச்செல்லும் உழவு எது என்பதே பாடப்பொருள். வேளாண்மைத் துறையினர் இதனை நீடித்த வேளாண்மை என்று குறிப்பிடுகின்றனர். 15 நாள் வயதுடைய நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, கயிறு பிடித்து 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று எல்லாம் முறைப்படி ஏற்பாடாகியிருந்தது. நடவைச் சொல்லிக்கொடுக்க ஊரில் கைதேர்ந்த ஓர் அம்மையாரை ஒரு நாள் கூலிக்கு அழைத்திருந்தேன்.

நடவு தொடங்கி அரைமணி நேரம் இருக்கும். குனிந்திருந்த அந்த அம்மையார் நிமிர்ந்து, கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சாமி, இந்தப் புள்ளைங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது? இதுங்க அம்மாவோட வந்து ரெண்டு போகம் நட்ட புள்ளைங்கதானே? மேல நிக்கிற புள்ளைங்களுக்குல்ல நடத் தெரியாது.”

அப்போதுதான் நான் வரப்பை நிமிர்ந்து பார்த்தேன். வயலுக்குள் பத்துப் பேர் இருந்தனர். வரப்பின்மேல் முப்பது பேர் நின்றனர். வயலுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் கூலி உழவர் வீட்டுப் பிள்ளைகள். வரப்பின்மேல் குறிப்பேடும் எழுதுகோலுமாக நின்றவர்கள் நிலமுடையோர், கடை வைத்திருப்போர், அரசு அலுவலர் ஆகியோரின் பிள்ளைகள். யாரும் யாரையும் விரட்டவில்லை. “விருப்பமுள்ளவர்கள் இறங்கலாம், மற்றவர்கள் குறிப்பெடுங்கள்” என்று நான்தான் சொல்லியிருந்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருந்த பிள்ளைகள், வயலுக்கு வந்ததும் தத்தம் பாட்டனார் நின்ற இடத்துக்குப் போய் நின்றுகொண்டனர். புதிய கல்வி என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த காட்சி, தஞ்சைத் தரணியின் மிகப் பழைய காட்சியாக இருந்தது.

அன்று மாலை அந்தப் பத்துப் பேரில் ஒருவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். கோபமாகப் பேசவில்லை. திண்ணைக்குக் கீழே நின்றபடியே சொன்னார்: “சாமி, அவன் சேத்துல நிக்கக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். நீங்க பள்ளிக்கூடத்தையே சேத்துக்குக் கொண்டாந்துட்டீங்க.” அமருங்கள் என்றேன், அவர் அமரவில்லை. என்னிடம் மறுமொழியும் இல்லை.

அன்புள்ள வாசகர்களே, இக்கட்டுரையில் நான் எண்ணிப் பார்க்க விழைவது இவ்வொரு வினாவைத்தான். உழவைக் கற்பிப்பது நல்லது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இராது. ஆனால் யாருடைய பிள்ளைக்கு அதைக் கற்பிக்கிறோம்? எந்தப் பிள்ளைக்குக் கல்வி என்பது சேற்றிலிருந்து வெளியேற அமைந்த ஒரே வாயிலோ, அந்தப் பிள்ளையை அந்த வாயிலின் அருகிலேயே நிறுத்தித் திரும்பிப் பார்க்கச் சொல்வது அறமாகுமா?

தமிழ்நாட்டில் இவ்வினா புதியதன்று. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வி முறையை முன்வைத்தார். தலையும் கையும் சேர்ந்து கற்க வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். கிராமத்துப் பள்ளிகளில் ஒரு வேளை மட்டும் பாடம். எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் வீட்டாரின் தொழிலைக் கற்க வேண்டும். பணம் குறைவாயிருந்த அரசுக்கு இரு மடங்கு பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவர இது வழி என்றும், உடலுழைப்புக்கு மதிப்பு உண்டாகும் என்றும் அவர் கருதினார். பெரியாரும் அண்ணாவும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தனர். சவரத் தொழிலாளியின் மகன் சவரத்தையும், கூலியாளின் மகன் கூலி வேலையையும் கற்பதற்குப் பள்ளி எதற்கு என்பது அவர்கள் கேட்ட கேள்வி. எதிர்ப்பு வலுத்து, 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்பு ஒரு மா நிலத்தில், நல்லெண்ணத்தோடும் சுற்றுச்சூழல் என்னும் புதிய சொல்லோடும் நான் செய்தது அதுதானோ என்ற அச்சம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

இதில் என் கதையும் கலந்திருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. என் தந்தையார் குத்தகை உழவர். மேட்டூர் நீர் வருகிறது என்ற செய்தி வந்தால் எங்கள் வீட்டில் பண்டிகை. வாய்க்காலில் நீர் வராவிட்டால் துக்கம். 1980களில் நான் இளங்குருமடத்தில் சேர்ந்தபோது, குருவாகப் போகிறேன் என்பதைவிட, இனி இவன் வெயிலில் நிற்க வேண்டியதில்லை என்பதில்தான் என் தாயார் அதிகம் மகிழ்ந்தாரோ என்று பின்னாளில் நினைத்ததுண்டு. என் கால்கள் காய்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மெய்யியலும் இறையியலும் படித்து, நிழலில் அமர்ந்து, மண்ணின் மேன்மை குறித்து மறையுரை ஆற்றும் தகுதி எனக்கு வந்தது, நான் மண்ணைவிட்டு வெளியேறியதால்தான். அந்தத் தந்தை கேட்டதும் தன் மகனுக்கு அதே வாயில்தான்.

குருமடத்தில் சீராக்கின் ஞான நூலைப் படித்தபோது, அதன் 38ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. இப்போது அதைத் திறந்தாலே நெஞ்சில் தைக்கிறது. மறைநூல் அறிஞனுக்கு ஞானம் வருவது ஓய்வினால்தான் என்று அந்த ஆசிரியர் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். ஏர் பிடிப்பவன், மாடுகளைப் பற்றியே பேசுபவன் எவ்வாறு ஞானியாவான் என்று கேட்கிறார். பிறகு கொல்லனையும் குயவனையும் ஒருவர் பின் ஒருவராகக் காட்டுகிறார். இவர்கள் இல்லாமல் எந்த நகரமும் நிலைபெறாது என்கிறார்; ஆயினும் மக்கள் அவையில் இவர்களை யாரும் தேடுவதில்லை, நீதியிருக்கையில் இவர்கள் அமர்வதில்லை என்றும் சொல்கிறார். உலகைத் தாங்குபவர்களுக்கு உலகின் அவையில் இடமில்லை. அவர் இதைக் குறையாகச் சொல்கிறாரா, இயல்பு என்று சொல்கிறாரா என்பதில் விளக்கவுரையாளர்கள் எதை எழுதினாலும், எனக்கு அது நான் கண்ட வரப்பாகவே தெரிகிறது. எழுதுகோல் மேலே, ஏர் கீழே. நம் திருவள்ளுவர் கல்விக்கும் ஓர் அதிகாரம், உழவுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கல்வி நாற்பதாவது; உழவு நூற்றுநான்காவது. நம் பள்ளிகளில் இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு அதைவிடக் கூடுதல்.

அப்படியானால் வயல்பாடத்தையே விட்டுவிடலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். நானும் ஓரிரு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணங்கள் நம் கண்முன்னே கிடக்கின்றன.

2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள், வழக்கமான ஜூன் 12ஆம் நாளில் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் மீண்டும் அந்நாளில் திறந்தார்கள். இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அந்த வறண்ட ஆண்டுகளில் பிறந்தவர்கள். ஆற்றில் நீர் ஓடாத ஆடிப்பெருக்கை அவர்களுடைய பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அச்சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்பதை நிலமுள்ளோரிலேயே எத்தனை பேர் அறிவர்?

இழந்தவை வேறு பல. என் சிறுவயதில் அறுவடை முடிந்த வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஒருவர் வயலில் ஓரிரவு கிடை அமர்வதற்குப் போட்டியே நடக்கும். கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவார்கள். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில், ஈரம் காயுமுன் நின்ற பயிரின் நடுவே உளுந்தையும் பயறையும் தெளிப்பார்கள். நெல் எடுத்ததை உளுந்து திருப்பிக் கொடுக்கும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும் என்று அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறாரே, அது எங்கள் பாட்டிமாருக்குப் பெயர் தெரியாமலே தெரிந்த செய்தி. இன்று அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைவிட்ட உளுந்தை நசுக்கிக்கொண்டு போகிறது. இயந்திரம் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. வெயிலில் குனிந்து அறுத்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் இயந்திரத்துக்கேற்ப உளுந்தை எப்போது விதைப்பது என்பதை யாரேனும் யோசிக்க வேண்டும். அதை யோசிக்கப் போவது யார்? குறிப்பேடு வைத்திருப்பவனா, சேற்றை அறிந்தவனா? இரண்டும் ஒரே ஆளிடம் சேராதவரை அந்த யோசனை பிறக்காது.

அவ்வாறு இரண்டும் சேர்ந்த ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதில் எங்களுக்குப் பெருமையுண்டு. கோ. நம்மாழ்வார் 1938இல் திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, 1963இல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். மானாவாரி நிலத்து ஏழை உழவர்களுக்கு உரமும் மருந்தும் கொண்டு செய்யும் அந்த ஆய்வுகள் உதவா என்று கண்டு, 1969இல் வேலையைத் துறந்தார். பிறகு பத்தாண்டுகள் திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டில் ‘அமைதித் தீவு’ என்ற அமைப்பில் பணியாற்றினார். அதனைத் தோற்றுவித்தவர் பெல்ஜியம் நாட்டுத் தொமினிக்கன் சபைக் குருவான தொமினிக் பீர் அடிகள். 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். நம் சபைக் குரு ஒருவரின் பணிக்களத்தில்தான் தமிழகத்தின் இயற்கை உழவு இயக்கத்துக்கு ஒரு முக்கியமான வேர் ஓடியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாவ்லோ ஃபிரேயரின் கல்விச் சிந்தனையும் வினோபாவின் கருத்துகளும் 1970களின் இறுதியில் அவரைத் தொட்டன. கற்பிப்பவரும் கற்பவரும் இடம் மாற வேண்டும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. 2013 டிசம்பர் 30ஆம் நாள், மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பட்டுக்கோட்டைப் பகுதியில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது மறைந்தார். கரூர் மாவட்டத்தில் அவர் உருவாக்கிய வானகத்தில் அவர் உடல் விதைக்கப்பட்டது என்றே அவருடைய அன்பர்கள் சொல்வார்கள்.

இவரைப் பற்றி மாணவர்களிடம் பேசிய அன்று, சேற்றில் இறங்கிய பத்துப் பேரில் ஒரு சிறுமி கேட்டாள்: “அவங்க ஆபீசர் வேலையை விட்டுட்டு வந்தாங்க. வேலையே கெடைக்காம வயல்லயே இருக்கறவங்களுக்கு ஏன் சாமி செல வைக்கல?” சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியேற முடிந்தும் திரும்பி வந்தவரை நாம் வணங்குகிறோம். வெளியேறவே வழியின்றி அங்கேயே இருந்து நம்மை உண்ண வைத்தவரை நாம் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை. இது நம்மாழ்வாரின் குறையன்று. அவரே அந்த உழவர்களிடம் கற்றதாகத்தான் எங்கும் பேசினார். குறை நம் பார்வையில் இருக்கிறது.

அச்சிறுமியின் கேள்விக்குள் விடையின் ஒரு பாதியும் இருந்தது. திரும்பி வருவதற்குப் பெருமை உண்டாவது, போவதற்கு வாயில் திறந்திருந்தால் மட்டுமே. உழவைக் கற்பிக்கும் பள்ளி முதலில் அந்த வாயிலை அகலத் திறந்துவைக்க வேண்டும். கணக்கும் ஆங்கிலமும் அறிவியலும் குறைவறக் கற்பிக்காத பள்ளிக்கு ஏரைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை. வயலுக்கென எடுத்த மணிகளைக் கணக்குப் பாடவேளையிலிருந்து நான் திருடியிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது.

மறுபாதி விடையை நான் வேறொரு கதையில் கண்டேன். நாங்கள் அன்று நட்ட ஒற்றை நாற்று முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவில், ஹென்றி தெ லோலனியே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு இருந்தார். வேளாண்மை படித்துவிட்டுத் துறவு பூண்டவர். 1961இல் அத்தீவுக்குச் சென்றவர், 1995இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1981இல் அன்ட்சிராபே என்னும் ஊரில் சிற்றூர் இளைஞருக்கென ஒரு வேளாண் பள்ளி தொடங்கினார். 1983ஆம் ஆண்டுப் பருவத்தில் மழை பிந்தியது. நாற்றங்காலில் இருந்தது 15 நாள் நாற்று. மாதக்கணக்கில் வளர்த்து நடுவதே அங்கு வழக்கம். வேறு வழியின்றி அந்த இளம் நாற்றையே மாணவர்களைக் கொண்டு ஒவ்வொன்றாக, இடைவெளிவிட்டு நட்டார். வீணாகும் என்று நினைத்த பயிர் எவரும் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. நீரைத் தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவதும் சேர்ந்து, அதுவே ஒரு சாகுபடி முறையானது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000இல் இதனை ஆராயத் தொடங்கியது. 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் பாசன வயல்களில் செய்துபார்த்தனர். திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்று, பிறகு தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி ‘இராஜராஜன் 1000’ என்றும் அழைக்கப்பட்டது. ஏக்கருக்கு முப்பது கிலோ விதை தெளித்த இடத்தில் இரண்டு மூன்று கிலோ போதும் என்றால் யார் வியக்கமாட்டார்? விளைச்சலைப் பற்றிச் சொல்லப்பட்ட பெரிய எண்களை ஐயுற்ற அறிவியலாளரும் உண்டு. எங்கள் பகுதியில் வயலுக்கு வயல் நீர் பாய்வதால், தன் வயலை மட்டும் காயவிடுவது எளிதன்று. தொடங்கிய பலர் விட்டும்விட்டனர். அது இருக்கட்டும். என்னை ஈர்த்தது விளைச்சலன்று. அறிவு பிறந்த இடம் ஒரு பள்ளி வயல். மாணவர்களும் குருவும் ஒரே சேற்றில் நின்று, தங்களுக்குத் தெரியாத ஒன்றை ஒன்றாகப் பார்த்தனர். முன்னோர் தொழிலைப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது ஒன்று. இன்னும் எவருக்கும் தெரியாததைத் தேடப் பிள்ளைகளை அழைப்பது வேறொன்று. முன்னது குலக்கல்வி. பின்னதைச் செய்தால் அந்தத் தந்தையின் முகத்தை நான் மீண்டும் பார்க்கலாம் என்று தோன்றியது.

இரண்டாம் ஆண்டு ஒரே ஒரு விதி வைத்தோம். வரப்பின்மேல் எவரும் நிற்கக் கூடாது. தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் அங்கியைக் களைந்துவிட்டு இறங்கினேன். ஐந்தாம் நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நடத் தெரிந்த பிள்ளைகள் அன்று நடவில்லை. கயிறு பிடித்தார்கள், அளந்தார்கள், தெரியாதவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு கடைக்காரரின் மகன் நட்டதெல்லாம் மறுநாள் மிதந்தது.

எதிர்ப்பு வராமலில்லை. இம்முறை அது வேறு தெருக்களிலிருந்து வந்தது. பிள்ளைக்குச் சேற்றுப்புண் வரும் என்றார் ஒருவர். “இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே, சாமி” என்றார் இன்னொருவர். இரண்டு குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் அனுப்பவே இல்லை. இதற்கென்று ஆட்கள் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதை, நம் பங்குகள் சிலவற்றின் கல்லறைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் பூச்சிகளை எண்ணக் கற்றார்கள். 1986இல் இந்தோனேசிய அரசு நெற்பயிருக்கான 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததையும், மருந்து சிலந்திகளைக் கொன்றதால்தான் புகையான் பெருகியது என்று அங்கே கண்டதையும், 1989 முதல் உழவர்களுக்கு வயல்வெளிப் பள்ளிகள் நடந்ததையும் சொன்னேன். வாரந்தோறும் இருபது குத்துகளில் எத்தனை சிலந்தி, எத்தனை தட்டான், எத்தனை புகையான் என்று எழுதினார்கள். இலை வண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டு, பச்சை வெளுத்தால் மட்டுமே தழையுரம் என்று முடிவுசெய்தார்கள். பக்கத்து வயல்காரர் மூன்றாவது முறை யூரியா இட்டபோது எங்கள் பிள்ளைகள் அட்டையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினர். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, உரத்தையும் இட்டார். பூச்சிகளின் பெயரில் கூலி வீட்டுப் பிள்ளைகளே முந்தினார்கள். அட்டவணை போடுவதில் மற்றவர்கள் முந்தினார்கள். கார்த்திகைக்குள் அந்த வேறுபாடு பெரும்பாலும் மங்கியிருந்தது. முழுவதும் மறையவில்லை.

எனக்கு மிகவும் கடினமாயிருந்தது கணக்குப் பாடம். தை மாதம் அறுவடை முடிந்து, வரவு செலவு எழுதினோம். உழவு, விதை, இயந்திர வாடகை என்று கழித்ததும் கொஞ்சம் மிஞ்சியது; எல்லாருக்கும் மகிழ்ச்சி. அப்போது சென்ற ஆண்டு யாருடைய தந்தை என் திண்ணையின் கீழ் நின்றாரோ, அந்தப் பையன் எழுந்தான். பத்தாம் வகுப்புக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தான். “சாமி, நாங்க வேலை செஞ்சதுக்குக் கூலி போடலையே. நெலத்துக்குக் குத்தகையும் போடல. கோயில் நெலம்னா சும்மாவா? பக்கத்து வயல் மாமா குடுக்கறாரே” என்றான். இரண்டையும் சேர்த்தோம். மிச்சம் நட்டமாயிற்று. கரும்பலகையில் கழித்தல் குறியைப் போட்டுவிட்டு, தலைமையாசிரியர் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பக்கத்து வயல் மாமா குத்தகை கொடுப்பது எங்கள் பங்குக்குத்தான்.

மண்ணுக்கு நீடித்திருக்கும் உழவு, உழுபவருக்கும் நீடித்திருக்குமா என்ற கேள்வியை எந்தக் கையேட்டிலும் நான் கற்பித்திருக்கவில்லை. அடுத்த வகுப்பில் கீழவெண்மணியைப் பற்றிச் சொன்னேன். 1968 டிசம்பர் 25, நாம் நள்ளிரவுத் திருப்பலி முடித்து மகிழ்ந்திருந்த அதே நாளின் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே, கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். நெல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன் என்று பதிலளித்தேன். பக்கத்து வயலின் குத்தகையைக் குறித்துப் பங்குப் பேரவையில் அந்த மாதமே பேசினேன். பேச்சு இன்னும் முடியவில்லை.

அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுப் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கச் சென்றுவிட்டான். உழவுக்குத் திரும்புவானா என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. அவனுடைய தந்தை மட்டும் அண்மையில் வந்தார். நிற்காமல், திண்ணையில் ஓர் ஓரமாக அமர்ந்தார். அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தை அகலம் குறைத்தால் உளுந்து பிழைக்குமா என்று மகன் ஏதோ படம் வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பாராட்டாகச் சொன்னாரா, கவலையாகச் சொன்னாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

இவ்வாண்டும் நடவுக்கு அதே அம்மையார் வந்தார். அவருக்குக் கொடுத்த தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று பள்ளி எழுத்தர் கேட்டார். கூலி என்று எழுதியே பழக்கம். சிறப்புப் பயிற்றுநர்களுக்கு வேறொரு தலைப்பு இருக்கிறதே என்றேன். ‘மதிப்பூதியம்’ என்று எழுதி, பற்றுச்சீட்டை நீட்டினோம். அந்த அம்மையார் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெயரை எழுத்துக் கூட்டிக் கையொப்பமிட்டார். தலைப்பு மாறியிருப்பதை எழுத்தர் அவருக்கு விளக்கிச் சொன்னார்.

“பேரு எதுவா இருந்தா என்னய்யா? போன வருசத்தைவிட அம்பது ரூபா கூட இருக்கா, பாத்துச் சொல்லுங்க” என்றார் அவர்.

எண்ணிப் பார்த்தோம். இல்லை. அதைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சீட்டைத் திருத்தினோம்.